கதைக்காக ஒரு மொழி: ஒலியில் தொடங்குவதா, இலக்கணத்தில் தொடங்குவதா?

மணல்மேடு:
மிகுபுனைவு நாவல் ஒன்று எழுதுகிறேன். அதில் பனிமலையில் வாழும் ஓர் இனத்துக்குத் தனி மொழி வேண்டும். அகராதியெல்லாம் தேவையில்லை. ஆள் பெயர், ஊர்ப் பெயர், சண்டையில் இரண்டு வசை, ஒரு தாலாட்டு, அவ்வளவுதான். தமிழ் வாக்கியத்தில் சொற்களை மட்டும் மாற்றி வைத்த மாதிரி தெரியக்கூடாது. எங்கே தொடங்குவது?

கருவேலன்:
ஒலியில் தொடங்குங்கள். முதலில் எந்த ஒலி கிடையாது என்று முடிவு செய்யுங்கள். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடருக்காக உருவாக்கிய டோத்ராகி மொழியில் பெயர்களைத் தவிர வேறெங்கும் பகர ஒலி வராது. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் உருவாக்கிய குவென்யா மொழியில் சொல் மெய்யில் முடிந்தால் பெரும்பாலும் ந், ர், ல், ஸ், த் இவற்றில் ஒன்றுதான். நம் மரபிலும் ர, ல சொல்லுக்கு முதலில் வராது. இராமன், இலங்கை என்று எழுதியது அதனால்தான். இப்படி ஒரு விதி இருந்தால் எத்தனை பெயர் வைத்தாலும் ஒரே ஊர்க்காரர்களாக ஒலிப்பார்கள்.

அப்புறம், தமிழில் எழுதுகிற நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 'தகோ' என்று எழுதினால் வாசகர் அந்தக் ககரத்தை மெலிதாகத்தான் படிப்பார். வன்மையாக ஒலிக்க 'தக்கோ' என்று எழுத வேண்டும். 'பாரன்' என்ற பெயரில் இருப்பது பாட்டின் பகரமா, பஸ்ஸின் பகரமா? தாளில் தெரியாது. அந்த வேறுபாட்டை நம்பி மொழி கட்டாதீர்கள். நம் எழுத்து தெளிவாகக் காட்டும் ஒலியை எதிர்பாராத இடத்தில் வையுங்கள். 'ஙேழு' என்று ஒருத்திக்குப் பெயர் வைத்தாலே போதும், வேற்று நிலம் வந்துவிடும்.

நீர்க்காகம்:
இலக்கணத்தையும் விட்டுவிடாதீர்கள். 'ஸ்டார் ட்ரெக்' கதைகளுக்காக உருவாக்கிய கிளிங்கான் மொழியில் செயப்படுபொருள் முதலில், வினை நடுவில், எழுவாய் கடைசியில். 'குழந்தை பார் அதிகாரி' என்றால் அதிகாரிதான் குழந்தையைப் பார்க்கிறார். தமிழில் ஐ உருபு இருப்பதால் சொற்களை எப்படிப் புரட்டினாலும் யார் யாரைப் பார்த்தார் என்பது மாறாது. உங்கள் மொழியில் அந்த உருபை எடுத்துவிட்டு வரிசையை மட்டும் நம்புங்கள். தமிழ் வாடை பாதி போய்விடும்.

மணல்மேடு:
சரி, இரண்டையும் செய்கிறேன். தாலாட்டு மட்டும் மென்மையாக வேண்டுமே?

கருவேலன்:
பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் பேசும் வெல்ஷ் மொழியைக் கேட்டுப் பாருங்கள். 'மெர்ஹ்' என்றால் பெண். 'அந்தப் பெண்' என்னும்போது மகரம் வகரமாகி 'அ வெர்ஹ்' ஆகிவிடும். டோல்கீன் தன் இன்னொரு கற்பனை மொழியான சிண்டரினுக்கு இந்த முதலெழுத்து மாற்றத்தை அங்கிருந்துதான் எடுத்தார். பிள்ளையின் பெயர் 'மிரே' என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய் 'என் மிரே' என்று கொஞ்சும் இடத்தில் மட்டும் அது 'விரே' ஆகட்டும். விதியை விளக்க வேண்டாம், இரண்டு அடியில் வந்தாலே வாசகர் பிடித்துக்கொள்வார்.