உறழ்கம்பி: மாடிப்படி சுவிட்சுகளுக்கு நடுவே ஓடும் கம்பிகளுக்கு ஒரு சொல்

மாடிப்படியில் ஒரே விளக்கைக் கீழிருந்தும் மேலிருந்தும் போட்டு அணைக்க இரண்டு சுவிட்ச் வைப்பார்கள். அவற்றை இணைக்கும் இரண்டு கம்பிகளை ஆங்கிலத்தில் ட்ராவலர் என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும்போது வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

> ட்ராவலர் என்பதைப் 'பயணிக்கம்பி' என்றே வைத்துக்கொள்ளலாமே. பொருள் அப்படியே வந்துவிடுகிறது.

அப்படியே வருவதுதான் ஐயா சிக்கல். எந்தக் கம்பியில்தான் மின்சாரம் பயணம் போகவில்லை? பிரிட்டனில் இதையே ஸ்ட்ராப்பர் என்பார்கள். அதைப் பெயர்த்தால் 'வார்க்கம்பி'. சுவிட்சின் பெயரும் இதே கதைதான். அங்கே டூ-வே, அமெரிக்காவில் த்ரீ-வே. ஒருவர் வழியை எண்ணினார், மற்றவர் முனையை எண்ணினார், பொருள் ஒன்றே. அவர்களே ஒத்துப்போகாதபோது நாம் ஏன் பெயர்த்துக்கொண்டிருக்க வேண்டும்? கம்பி செய்யும் வேலையைப் பார்ப்போம்.

படிக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், ஒவ்வொன்றிலும் மூன்று முனை. அவற்றில் ஒன்று பொதுமுனை (காமன்). சுவிட்சைத் தட்டத் தட்ட அது மற்ற இரண்டு முனைகளில் ஒன்றை விட்டு மற்றதோடு கூடும். கீழ்ப் பொதுமுனைக்கு பேஸ், அதாவது மின்சாரம் வரும் கம்பி, வருகிறது, மேல் பொதுமுனையிலிருந்து விளக்குக்குப் போகிறது. இடையில் இரண்டு கம்பி. கீழே தட்டினால் பேஸ் ஒரு கம்பியை விட்டு மற்றதற்குத் தாவும். மேல் சுவிட்சும் அதே கம்பியைத் தொட்டிருந்தால் விளக்கு எரியும். இதுவோ அதுவோ, எப்போதும் ஒன்றுதான். இலக்கணத்தில் சொற்கள் சேரும் புணர்ச்சியில் இயல்பாகவும் திரிந்தும் வருவதை 'உறழ்ந்து வரும்' என்கிறோமே, அதே உறழ்தான் இங்கும். ஆகவே உறழ்கம்பி. அது சேரும் இடம் உறழ்முனை.

> ஒன்று உயிர்க்கம்பி, மற்றது செத்த கம்பி என்றால் பாமரருக்கும் புரியுமே.

இதை மட்டும் தயவுசெய்து வேண்டாம். செத்தது என்று நம்பி ஒருவர் மேலே கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்க, கீழே வேறொருவர் சுவிட்சைத் தட்டினால் அது உயிர்த்துவிடும். போதாததற்கு, பக்கத்துக் கம்பியின் தூண்டலால் சும்மா கிடக்கும் கம்பியிலும் டெஸ்டர் லேசாக மினுக்கும். அதைப் பார்த்துக் குழம்பிப் போனவர்களில் நானும் ஒருவன்.

ஒரு சொல் தேறுமா என்று பார்க்க, அதை வைத்துப் பழுது பார்த்துவிட வேண்டும். போன மடலில் ஒருவர் எழுதியிருந்தார்: மேல் சுவிட்சை மாற்றியபின், அது ஒரு பக்கம் சாய்ந்திருந்தால்தான் கீழ் சுவிட்ச் வேலை செய்கிறது, மறுபக்கம் சாய்த்தால் கீழே எத்தனை தட்டு தட்டினாலும் இருட்டுதான். விளக்குக்குப் போகும் கம்பி உறழ்முனையிலும், உறழ்கம்பி ஒன்று பொதுமுனையிலும் மாறி விழுந்திருக்கிறது. மறுபக்கம் சாய்க்கும்போது இரண்டு உறழ்கம்பிகளும் தங்களுக்குள் கூடிக்கொள்கின்றன, விளக்கு தனியாக நிற்கிறது. உறழ்கம்பிகளை மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றியிருந்தால் ஒன்றும் கெட்டிருக்காது. அதனால்தான் இரண்டுக்கும் ஒரே பெயர் போதும் என்கிறேன்.

பொதுமுனை நடுவில்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். மெயினை அணைத்து, கம்பிகளைக் கழற்றி, மல்டிமீட்டரால் இரண்டிரண்டு முனையாகச் சோதியுங்கள். சுவிட்சை எப்படித் தட்டினாலும் தம்முள் கூடாத இரண்டு எவையோ அவை உறழ்முனைகள். மிஞ்சியது பொதுமுனை.

---

> உறழ், ழகரம் எல்லாம் வேலை செய்கிறவர் வாயில் நுழையுமா? 'இரட்டைக்கம்பி' போதாதா?

வாழைப்பழம் நுழைகிற வாயில் இதுவும் நுழையும். இரட்டைக்கம்பி நல்ல சொல்தான், ஆனால் பேஸும் நியூட்ரலும் சேர்ந்து ஓடுவதும் இரட்டைதானே? அந்தக் குழப்பத்தில் நியூட்ரலைச் சுவிட்சில் மாட்டிவிட்டால் யார் பொறுப்பு?

சுவிட்ச் என்பதை நான் தொடவில்லை. இலங்கைப் பாடநூல்களின் 'ஆளி' எனக்குப் பிடிக்கும். அது தனி இழைக்கான பேச்சு. பொதுமுனையும் பழகிவிட்டது, இருக்கட்டும்.

பாக்கி ஒன்றுதான். மூன்றாவது இடத்திலிருந்தும் விளக்கைப் போட்டு அணைக்க, நடுவே நான்குமுனைச் சுவிட்ச் ஒன்று வைப்பார்கள். அது உறழ்கம்பிகளை நேராக விடும், இல்லையேல் குறுக்கே மாற்றிவிடும். வேறு வேலை கிடையாது. அதைக் 'குறுக்குமாற்றி' என்று இப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறேன். முழு மனதில்லை. இதைவிடப் பொருந்துவது தோன்றினால் எழுதுங்கள்.