வின்டோஸ் போடும்போது கரண்ட் போய்விட்டது, படங்கள் கிடைக்குமா?

லயத்துப் பையன்:
ஹட்டன் பக்கம் நேற்று இடியும் மழையும். லாப்டாப்பில் வின்டோஸ் 10 திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன், 43 சதவீதத்தில் கரண்ட் போய்விட்டது, பேட்டரியோ எப்போதோ செத்துவிட்டது. இப்போது கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னுகிறது. அக்காவின் கல்யாணப் படங்கள் டெஸ்க்டாப்பில்தான் இருந்தன. டிஸ்கை அழிக்கும் ஃபார்மட்டை அழுத்தவில்லை, நெக்ஸ்ட் மட்டும்தான்.

மலைக்காற்று:
தம்பி, அவசரப்பட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணிவிடாதீர்கள், பழைய ஃபைல்களுக்கு மேலே புதியது எழுதப்பட்டால் அப்புறம் மீட்பது கஷ்டம். கூட்டாளியின் கம்ப்யூட்டரில் 8 ஜிபி பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் (வின்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம், இலவசம்) ஏற்றி, உங்கள் லாப்டாப்பை அந்தப் பென் டிரைவிலிருந்தே பூட் செய்யுங்கள், அதாவது தொடங்குங்கள், டிஸ்கில் எதையும் நிறுவத் தேவையில்லை. ஃபார்மட் பண்ணாவிட்டால் பழையதெல்லாம் 'வின்டோஸ்.ஓல்ட்' ஃபோல்டருக்குள் போயிருக்கும், அதில் 'யூசர்ஸ்' பாருங்கள். இல்லாவிட்டால் வெளியே உள்ள 'யூசர்ஸ்'.

பதுளைக்காரி:
டிரைவ் திறக்காமல் சாவி கேட்டால் அது பிட்லாக்கர், டிஸ்கைப் பூட்டிவைக்கும் வின்டோஸ் வசதி. 48 இலக்கச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கலாம், போனிலேயே பார்க்கலாம். கடைக்குக் கொண்டுபோனால் முதலில் ஃபார்மட்தான் அடிப்பார்கள், எனக்கு அப்படித்தான் போனது.

லயத்துப் பையன்:
கிடைத்துவிட்டது அண்ணே! வின்டோஸ்.ஓல்டுக்குள்தான். தாலி கட்டும் படம் முதற்கொண்டு எல்லாம் இருக்கிறது. மாமாவின் ஹார்ட் டிஸ்கில் கொப்பி ஓடிக்கொண்டிருக்கிறது, வெளியே திரும்பவும் மழை இருட்டிக்கொண்டு வருகிறது.

மலைக்காற்று:
லாப்டாப்பை யூபிஎஸ்ஸில் குத்துங்கள் முதலில்.