புதுப்பிப்பு: ரேடியோவில் கேட்டது கேமராவில் ஏன் விழவில்லை?

ஜெமினிட் எரிகல் மழையன்று ரேடியோவில் எரிகல்லின் எதிரொலியாக மூன்று நொடி நீண்ட ‘பீ…ய்ங்’ கேட்டும் முழுவானக் கேமராவில் ஒரு கீற்றுகூட இல்லை என்று போன வாரம் புலம்பியிருந்தேனே, விடை கிடைத்துவிட்டது. முதலில் கேமராவைத்தான் சந்தேகப்பட்டேன். கண்ணாடி மூடியில் பனி படிந்திருந்தது உண்மைதான், துடைத்துவிட்டு உள்ளே சூடேற்ற நாலு ரெசிஸ்டர் வைத்தாயிற்று. ஆனால் குற்றவாளி அது இல்லை. நான் இருப்பது தென் இங்கிலாந்தில், கேட்பதோ செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் பிரான்சின் கிராவ்ஸ் ரேடார் 143.050 மெகாஹெர்ட்ஸில் தெற்கு நோக்கி அனுப்பும் அலை, எரிகல் எரியும்போது காற்றில் விட்டுச்செல்லும் மின்னேற்றத் தடத்தில் (அயனித் தடம்) பட்டுத் திரும்புவதை. அவ்வளவு தூரத்தில், 100 கிலோமீட்டர் உயரத்தில் எரிந்தாலும், எனக்கு அது பக்கத்து வீட்டுக் கூரைக்குக் கீழே! அப்புறம், கணினிக் கடிகாரமும் 4 நொடி பிந்தியிருந்தது, அதனால் ரேடியோ நேரமும் கேமரா நேரமும் ஒத்துப்போகவில்லை. ஜனவரி தொடக்கத்தில் வரும் குவாட்ரான்டிட் எரிகல் மழைக்குக் கேமராவைக் கம்பத்தில் ஏற்றிப் பார்க்கிறேன்.