புதுப்பிப்பு: கப்பலில் கோட் தேவைப்பட்டதா?

சொகுசுக் கப்பல் சுற்றுலாவுக்குக் கிளம்பும் முன் இரண்டு சந்தேகம் கேட்டிருந்தேன்: ஃபார்மல் நைட்டுக்கு, அதாவது எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு சாப்பிட வரும் இரவுக்கு, கோட் கட்டாயமா, இரவுச் சாப்பாட்டுக்கு நேரம் குறித்த மேசை நல்லதா, இஷ்டப்பட்ட நேரம் நல்லதா. போய்த் திரும்பியாயிற்று.

கோட் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. எங்கள் கப்பலின் பெரிய உணவுக்கூடத்தில் முழுக்கைச் சட்டையும் பேண்ட்டுமே போதுமாக இருந்தது. வாசலில் தடுத்தது ஷார்ட்ஸ் போட்டவர்களைத்தான். அவர்களும் பஃபேக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். எல்லாக் கப்பலும் இப்படி என்று நம்பிவிடாதீர்கள். குனார்டு நிறுவனத்தின் குயின் மேரி 2 கப்பலில் காலா இரவு (அவர்களுடைய ஃபார்மல் நைட்) என்றால் சூட்டும் டையுமாக வருவார்கள். நார்வீஜியன் நிறுவனத்தின் கப்பல்களில் அந்தக் கெடுபிடியே கிடையாது.

மேசை விஷயத்தில் நேரம் குறித்ததையே எடுத்தோம். பரிமாறியவர் தினமும் அதே ஆள் என்பதால், மறுநாளே என் மனைவிக்கு ஐஸ் போடாத தண்ணீர் கேட்காமலே வந்தது. ஆனால் கரையில் சுற்றிவிட்டுக் களைத்து வந்த நாட்களில் அந்த நேரத்துக்குள் குளித்து உடை மாற்றுவது பெரும்பாடு. அடுத்த முறை இஷ்டப்பட்ட நேரம்தான்.

அப்புறம், இஸ்திரிப் பெட்டி எடுத்துப் போகாதீர்கள். தீப்பிடிக்கும் அபாயம் என்று ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். காந்தக் கொக்கி எடுத்துப் போங்கள். அறைச்சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு, ஈரத்துணி தொங்கவிட வசதி.