செரண்டிப் எஃப்ரீட்டுக்கு ஒரு நாடு வேண்டுமா?

நீலமனா (வெள்ளவத்தை):

மெஜிக் த கெதரிங் என்ற கார்ட் விளையாட்டை விளையாடுகிற கொழும்பு ஆட்களிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். 1993 டிசம்பரில் வந்த அரேபியன் நைட்ஸ்தான் இந்த விளையாட்டின் முதல் எக்ஸ்பான்ஷன், அதாவது முதல் கூடுதல் கார்ட் தொகுதி (செட்). அதிலேயே நம் தீவின் பழைய பெயரில் இரண்டு கார்ட் வந்துவிட்டன. ஒன்று செரண்டிப் எஃப்ரீட்: மூன்று மனாவுக்கு (கார்டைப் போடக் கொடுக்கும் சக்தி) 3/4 (தாக்கும் பலம் 3, தாங்கும் பலம் 4), பறக்கும், ஆனால் ஒவ்வொரு டேர்னும் சொந்தக்காரனுக்கே ஒரு டெமேஜ். மற்றது செரண்டிப் ஜின்: 5/6, இதுவும் பறக்கும், ஆனால் ஒவ்வொரு டேர்னும் மனா தருகிற உங்கள் லேண்ட் ஒன்றைப் பலி கேட்கும். பலியானது ஐலண்ட் (தீவு) வகை லேண்ட் என்றால் மூன்று டெமேஜ் வேறு. தீவின் பெயரை வைத்துக்கொண்டு தீவையே தின்கிறது. நம் ஊர்ப் பத்திரிகை வாசித்துவிட்டுத்தான் செய்தார்களோ தெரியாது.

அதன் பிறகு கிரேக்கத்துக்குத் தெரோஸ் என்ற கற்பனை உலகம் வந்தது, எகிப்துக்கு அமொன்கெட், ஜப்பானுக்குக் காமிகாவா இரண்டு தடவை. இந்தியச் சாயலில் கலதேஷ் வந்தது, இப்போது அதற்கு அவிஷ்கார் என்று பெயர். லங்காபுரி சாயலில் ஒரு ப்ளேன் (விளையாட்டின் உலகம்) ஏன் வரக்கூடாது? பொன் நகரம், புஷ்பக விமானம், பத்துத் தலை, தூங்கும் அரக்கன். பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. யாராவது எதிர் என்றால் காரணத்தோடு வாருங்கள்.

கொட்டாஞ்சேனைக் கொப்ளின்:

நான் எதிர். உலகத்தின் அழகைப் பார்த்துச் செட் கேட்கிறவர்கள்தான் ஒரு வருடத்தில் அதே செட்டைத் திட்டுகிறார்கள். நீங்களே சொன்ன கலதேஷை எடுங்கள். 2016 கடைசியில் வந்தது. பித்தளை வேலைப்பாடு, கண்டுபிடிப்பாளர் திருவிழா, கதாநாயகி சாண்ட்ராவின் பிறந்த ஊர், எல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சி. விளையாட உட்கார்ந்தால் எதிரே ஸ்மக்லர்ஸ் கொப்டர் என்ற கார்ட். இரண்டு மனா, எந்த நிறமும் தேவையில்லை, 3/3 பறக்கும். எந்த டெக்கை (ஓர் ஆளின் கார்ட் கட்டு) திறந்தாலும் அதில் நாலு. 2017 ஜனவரியில் ஸ்டாண்டர்டில் (புதிய செட்கள் மட்டும் செல்லும் போட்டி முறை) தடை. ஏப்ரலில் ஃபெலிடார் கார்டியன், ஜூனில் ஈதர்வர்க்ஸ் மார்வல், அடுத்த ஜனவரியில் எனர்ஜி டெக்கின் மிச்சம். தடைப்பட்டியலை வாசிக்கிறபோது ஒருவருக்கும் திருவிழா நினைவு வரவில்லை.

உங்கள் எஃப்ரீட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1994 ரிவைஸ்ட் பதிப்பில் நீலக் கார்டான அதைப் பச்சைச் சட்டத்தில், வேறொரு எஃப்ரீட்டின் படத்தோடு பிழையாக அச்சடித்தார்கள். பெயர் நம்முடையது, படம் மற்றவனுடையது, நிறமும் தவறு. அப்படியும் ஆட்கள் போட்டு விளையாடினார்கள், ஏனென்றால் மூன்று மனாவுக்கு 3/4 பறக்கும். என் வாதம் அவ்வளவுதான்.

நீலமனா:

கொப்டரைச் சரியாகச் சோதிக்காமல் வெளியிட்டது எண்ணில் விட்ட பிழை. அதற்கு ஏன் உலகத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்?

2011 இன்னிஸ்ட்ராட் என்ன செய்தது? ஓநாய் மனிதன் கதையைக் கையில் எடுத்து, இரண்டு பக்கமும் அச்சடித்த கார்டைக் கொண்டுவந்தது. ஒரு டேர்னில் யாரும் ஸ்பெல் போடாவிட்டால் இரவு, மனிதன் ஓநாயாகப் புரள்வான். ஒருவரே இரண்டு ஸ்பெல் போட்டால் திரும்ப மனிதன். ஊர் அமைதியாக இருந்தால்தான் ஆபத்து என்பதை விளையாட்டே சொல்லித் தருகிறது. தெரோஸின் ஒற்றை நிறக் கடவுள்கள் இன்னும் நல்ல உதாரணம். மேசையில் உள்ள உங்கள் கார்ட்களில் அந்த நிறக் குறிகள் ஐந்து சேரும் வரை அந்தக் கடவுள் உருவம் எடுக்காது. பக்தி கூடினால்தான் சாமி இறங்கும்! கோயிலடியில் வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. இந்த மெக்கானிக் (விளையாட்டு விதி) எண்ணிலிருந்து பிறக்கவில்லை, கதையிலிருந்து பிறந்தது.

கொட்டாஞ்சேனைக் கொப்ளின்:

சென்டிகாரும் ரவ்னிக்காவும்? சென்டிகாரில் லேண்டை வைத்து என்ன விளையாடலாம் என்ற கேள்விதான் முதலில் வந்தது, சாகச உலகத்தை அதன்மேல் கட்டினார்கள். விளையாட்டின் ஐந்து நிறத்தை (வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை) இரண்டிரண்டாகச் சேர்த்தால் பத்துச் சோடி. ரவ்னிக்கா நகரத்தின் பத்துக் கில்டும் (சங்கம்) அதுதான். 2005இல் வந்த உலகம் இன்றைக்கும் எல்லோர் வாயிலும் இருப்பதற்கு அந்தக் கணக்குத்தான் காரணம்.

தெஹிவளை டெக்:

அண்ணாமாரே, எந்த நூற்றாண்டில் சண்டை பிடிக்கிறீர்கள்? 2025இல் ஸ்டாண்டர்டுக்குள் வந்தவற்றில் பாதி ஃபைனல் ஃபேன்டஸி, ஸ்பைடர்-மேன், அவதார். சொந்த உலகம் செய்வதை விட வெளி உலகத்தை வாடகைக்கு எடுப்பதில்தான் காசு. ராவணன் வரவேண்டும் என்றால் முதலில் அவனுக்கு ஒரு ஹொலிவூட் படம் வரவேண்டும். எனக்கு அதில் குறையும் இல்லை, ஃபைனல் ஃபேன்டஸி டெக் கட்டிச் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். நான் விளையாடுவது அரீனா என்ற டிஜிட்டல் பதிப்பில், ஃபோனில். கடதாசிக் கார்ட் என்றால் கனடாவிலிருந்து மாமா வந்தால்தான்.

திருமலையான்:

நான் வேறு காரணத்துக்காக எதிர். தெரோஸை இங்கே இழுக்க வேண்டாம். சியூஸின் சாயலில் ஒரு கார்டை அடித்தால் இன்றைக்கு எந்தத் தெருவிலும் யாருக்கும் வலிக்காது. நம் கதை அப்படியா? கொழும்புக்குப் பக்கத்திலேயே களனி விகாரையில் விபீஷணனுக்குத் தேவாலயம் இருக்கிறது. ஆட்கள் பூத்தட்டோடு போகிறார்கள். கார்ட் செய்கிறவன் விபீஷணனை என்ன செய்வான்? 'டேர்ன் முடிவில் எதிராளி இவனைத் தன் கட்டுப்பாட்டுக்கு எடுப்பார்' என்று எழுதுவான். துரோகி மெக்கானிக். ஒருவருக்குச் சிரிப்பு, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெய்வம்.

முருகனுக்கு ஒரு கார்ட் வந்தால் யாரோ ஒருத்தன் 'மர்டர்' (கொலை) கார்டைப் போட்டுக் கிரேவ்யார்டுக்கு (செத்த கார்ட்கள் கிடக்கும் குவியல்) அனுப்புவான். அதற்கு நீங்கள் எல்லோரும் தயாரா? கலதேஷில் ஒரு கடவுள் கார்ட்கூடக் கிடையாது. தெரோஸ் தொடரில் பதினைந்து. அந்த வித்தியாசத்துக்கு நான் காரணம் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

ட்ராஃப்ட் அக்கா:

திருமலையான் தம்பி சொல்வதில் பாதிக்கு நான் உடன்பாடு. மற்றப் பாதிக்கு இல்லை. நம் கதையை எடுக்காமல் விட்டுவைத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 2014 கான்ஸ் ஒஃப் தார்கிரில் ராட்சசர்கள் வந்தார்கள். எப்படித் தெரியுமா? புலித்தலையோடு, பூனை-டீமன் என்று வகை எழுதி. மேற்கத்தைய கற்பனை விளையாட்டுகளில் ராட்சசன் என்றால் புலி என்று எப்போதோ முடிவாகிவிட்டது. அந்த உலகத்துச் சுல்தாய் குலத்தின் மாளிகைகளைப் பாருங்கள், அங்கோர் கோயில் வாசனை, உள்ளே நாகமும் பிணமும். கேட்காமலேயே துண்டு துண்டாக எடுத்துவிட்டார்கள். ஆகவே 'வரவேண்டுமா' என்ற கேள்வி காலம் கடந்தது. ஒழுங்காக வருமா என்று கேளுங்கள்.

ஒழுங்காக வந்தால் விற்குமா என்பது அடுத்த தலைவலி. 2004 காமிகாவா ஜப்பானியப் புராணத்துக்குள் ஆழமாகவே போனது. வெளியாட்களுக்குப் பாதி விளங்கவில்லை. ஆர்கேன் கார்ட்கள் ஆர்கேன் கார்ட்களோடு மட்டும்தான் வேலை செய்தன, பக்கத்துச் செட்டோடு ஒட்டவே இல்லை. வருடக்கணக்காக அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2022இல் நியோன் விளக்குப் போட்டுக் கொண்டுவந்த பிறகுதான் எல்லோரும் கொண்டாடினார்கள். உண்மையாக இருந்தால் விற்காது, விற்றால் நியோன் லைட். எது வேண்டும்?

நீலமனா:

அக்கா, பழைய காமிகாவா விழுந்ததற்கு அந்த ஒட்டாத மெக்கானிக்தான் பெரிய காரணம் என்று நான் சொல்வேன். கும்பகர்ணனுக்கு அப்படி ஒரு சிக்கலே வராது. ஐந்து மனாவுக்கு 9/9. டேர்ன் தொடக்கத்து அன்டாப் ஸ்டெப்பில் அன்டாப் ஆகமாட்டான் (டாப் என்றால் கார்டைச் சாய்த்து வைப்பது, அன்டாப் என்றால் நிமிர்த்துவது). உங்கள் மற்றக் க்ரீச்சர்கள் மூன்றை டாப் செய்தால் எழும்புவான், ஏனென்றால் பறை அடித்து எழுப்ப ஆட்கள் வேண்டும். ராமாயணம் தெரியாத நோர்வேக்காரனும் ஒரே தடவையில் சிரிப்பான்.

கொட்டாஞ்சேனைக் கொப்ளின்:

9/9க்கு ட்ராம்பிள் (தடுப்பவனை மீறி மிச்ச டெமேஜ் ஆளுக்குப் போகும் திறன்) இல்லாவிட்டால் ஒவ்வொரு டேர்னும் ஒரு அணிலை முன்னால் விட்டுத் தடுப்பேன். ஆனால் இது நல்ல கார்ட். உலகமே இல்லாமல்கூட நல்ல கார்ட் என்பதைக் கவனியுங்கள்.

தெஹிவளை டெக்:

ராவணன் என்ன நிறம்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கொட்டாஞ்சேனைக் கொப்ளின்:

கறுப்பு-சிவப்பு. பேராசை, கோபம். முடிந்தது.

நீலமனா:

நீலம் இல்லாத ராவணனா? வீணைக்கொடி வைத்தவன், நான்கு வேதம் படித்தவன். அறிவுக்கு நீலம் என்பது இந்த விளையாட்டின் முதல் பாடம். நீலம்-கறுப்பு-சிவப்பு மூன்றும் வேண்டும். விளையாட்டின் பெரிய வில்லன் நிகோல் போலாஸின் நிறங்களும் அவைதான், கமாண்டர் என்ற ஆட்ட முறையில் 99 கார்டுக்குத் தலைவனாக வைக்கலாம்.

திருமலையான்:

இதைத்தான் சொன்னேன். ஒழுங்கின் நிறமான வெள்ளையை ஒருவரும் நினைக்கவே இல்லை.

கோணேஸ்வரத்துக்குப் போனவர்களுக்கு ராவணன் வெட்டு என்ற மலைப்பிளவு தெரியும். தாய் கும்பிடுவதற்காக அந்த மலையையே பெயர்க்கப் பார்த்தான் என்பதுதான் எங்கள் பக்கத்துக் கதை. பக்கத்துக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன, தாயின் கிரியைக்காக நிலத்தில் அடித்து வரவழைத்தவை என்று சொல்வார்கள். ஆடி அமாவாசைக்கு இன்றைக்கும் சனம் அங்கே போகிறது. எங்களுக்கு அவன் தாய்க்குக் கடன் செய்த மகன். நீங்கள் மூவரும் அவனை வில்லன் நிறத்தில் வைத்துத்தான் தொடங்குகிறீர்கள், நீலம் சேர்ப்பதா இல்லையா என்பதில் மட்டும் பேரம்.

இன்னொன்று. 2019இல் இந்த நாடு அனுப்பிய முதல் செய்மதிக்கு ராவணா-1 என்று பெயர். அவன் யாருடைய அரசன் என்று இங்கே தமிழர், சிங்களவர் இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடுகிறது. அமெரிக்காவில் இருக்கிற டிசைனர் இந்தச் சண்டைக்கு நடுவில் நின்று நிறம் தீர்மானிக்கட்டும் என்கிறீர்கள்.

ட்ராஃப்ட் அக்கா:

தம்பி, கன்னியாவை நீங்களே டிசைன் செய்துவிட்டீர்கள், கவனித்தீர்களா? அது ஸாகா. 2018 டொமினாரியாவிலிருந்து வருகிற வகை, ஒவ்வொரு டேர்னும் ஒரு அத்தியாயம். முதல் அத்தியாயம்: உங்கள் க்ரீச்சர் ஒன்று சாகும். இரண்டாவது: நிலத்தில் அடி, லேண்டுகளைத் தேடி எடுத்து மேசையில் வை. மூன்றாவது: செத்தது திரும்ப வராது, ஆனால் உயிர்ப்புள்ளி ஏழு கூடும். வெள்ளை-பச்சை. ராவணனின் பெயரைக்கூட எழுதத் தேவையில்லை. தெரிந்தவனுக்குத் தெரியும், தெரியாதவன் ஏழு லைஃபை எடுத்துக்கொண்டு போவான். களனிக்காரருக்கும் வலிக்காது.

திருமலையான்:

பெயரை எடுத்துவிட்டால் அது ஏன் நம் செட்? யாரோ ஒரு மகன், யாரோ ஒரு கிணறு.

கொட்டாஞ்சேனைக் கொப்ளின்:

இந்தப் பக்கம் பெயர் போட்டால் குற்றம், அந்தப் பக்கம் போடாவிட்டால் குற்றம். அதனால்தான் புராணத்தை விடுங்கள் என்கிறேன். இலங்கை செட் என்றால் எனக்குக் கொழும்பின் கடைவீதியான புறக்கோட்டை போதும், ரவ்னிக்கா மாதிரி. செட்டியார் தெருவில் தங்கக் கில்ட், கெய்சர் வீதியில் துணிக் கில்ட், முதலாம் குறுக்குத் தெருவில் ஃபோன் விற்கிற ஆர்டிஃபெக்ட் (கருவிக் கார்ட்) கில்ட், கேபோஸ் லேனில் மூலிகைக் கில்ட், அது பச்சை-கறுப்பு, சந்தேகமே இல்லை. மூட்டை தூக்கும் நாட்டாமைகளுக்கு 2/2, ஒவ்வொருவரும் ஒரு ஆர்டிஃபெக்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தெய்வக்குற்றம் வராது, மெக்கானிக்கும் கையிலேயே இருக்கிறது.

தெஹிவளை டெக்:

இதற்கு நான் காசு கொடுப்பேன் அண்ணா.

நீலமனா:

இது தொப்பி போட்ட செட். கார்லொவ் மேனரில் எல்லோருக்கும் துப்பறிவாளன் தொப்பி, தண்டர் ஜங்ஷனில் எல்லோருக்கும் கௌபாய் தொப்பி. 2024இல் அவற்றை இதே கொப்ளின்தான் திட்டினார். இப்போது நாட்டாமைத் துவாயைத் தலையில் கட்டினால் மட்டும் உலகம் ஆகிவிடுமா?

கொட்டாஞ்சேனைக் கொப்ளின்:

தண்டர் ஜங்ஷனில் வேறு உலகத்து வில்லன்களைக் கூட்டி வந்து தொப்பி மாட்டினார்கள். புறக்கோட்டையில் அந்தத் துவாய் வேலைக்கான சாமான், மூட்டை தூக்கும்போது தோளுக்கு வேண்டும். துவாய் இருந்தால் ஆர்டிஃபெக்டுக்கு ஒரு மனா குறைவு. எழுதிக்கொள்ளுங்கள்.

ட்ராஃப்ட் அக்கா:

ஆர்டிஃபெக்டுக்கு மனா குறைத்து 2003 மிர்ரொடினில் என்ன நடந்தது என்று மறந்துவிட்டதா? ஆர்டிஃபெக்ட் கூடக் கூட மனா குறைகிற அஃபினிட்டி டெக்கை அடக்க 2005இல் ஆர்டிஃபெக்ட் லேண்ட் எல்லாவற்றையும் தடை செய்தார்கள். உங்கள் நாட்டாமை எத்தனை மனா? இரண்டுக்குக் கீழே என்றால் நான் இப்போதே தடைக்கு வாக்களிக்கிறேன்.

கொட்டாஞ்சேனைக் கொப்ளின்:

மூன்று. டேர்னுக்கு ஒரு தடவைதான் குறையும். சரியா?

திருமலையான்:

நாட்டாமை சிவப்பா வெள்ளையா? 'சிவப்பு' என்று மட்டும் எழுதினால் நான் திரும்ப வருவேன்.