மறு: ரெண்டரிங்குக்குத் தமிழ்: ‘புனைதல்’ பொருந்துமா?

> ‘காட்சியாக்கம்’ என்றே வைத்துக்கொள்வோமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் எது புரியும் என்பதில்தான் எனக்குத் தகராறு. புள்ளிவிவரத்தைப் பட்டைப்படமாகப் போடுவதும் காட்சியாக்கம், சிறுகதையைத் திரைக்கு மாற்றுவதும் காட்சியாக்கம். கணினியில் கட்டிய முப்பரிமாண உருவத்துக்கு ஒளியும் நிறமும் ஏற்றிப் படமாக்கும் ரெண்டரிங் என்ற மூன்றாவது மூட்டையையும் அதே தலையில் ஏற்ற வேண்டுமா?

போன சனிக்கிழமை அக்கா மகனோடு, கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போயிருந்தேன். இங்கே பெங்களூரில் கட்டடக்கலை படிக்கிறான். வீட்டில் பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளை ஓட்ட ஒரு கணினி வேண்டும். நாங்கள் பேசியது காதில் விழுந்ததும் கடைக்காரர் கன்னடத்தை விட்டுத் தமிழுக்கு வந்துவிட்டார். முதல் கேள்வியே, “கேமிங்குக்கா, ரெண்டரிங்குக்கா?”

பையனின் கண் ஆர்டிஎக்ஸ் 4060 என்ற வரைகலை அட்டை மேல். “புதுசு மாமா, கரண்டும் கம்மி.” உண்மைதான். 2023-இல் வந்தது, 115 வாட். பக்கத்தில் இருந்த 3060 வந்தது 2021-இல், 170 வாட் குடிக்கும். ஆனால் பழையதில் 12 ஜிபி நினைவகம், புதியதில் 8. விளையாட்டு, தனக்கு அப்போதைக்கு வேண்டியதை மட்டும் உள்ளே இழுத்து, மற்றதை வெளியே தள்ளிக்கொண்டே ஓடும். பிளெண்டருக்குள் ரெண்டரிங் செய்யும் சைக்கிள்ஸ் என்ற பகுதி அப்படியில்லை. ஒளிக்கதிர் எங்கே மோதி எங்கே திரும்பும் என்று முன்கூட்டியே தெரியாதாகையால், சுவர், மரம், இலை, மேற்பரப்புப் படங்கள் என மொத்தக் காட்சியும் அட்டைக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். 4096-க்கு 4096 அளவுள்ள ஒரு மேற்பரப்புப் படம், அழுத்தாமல் வைத்தால் 64 எம்பி. ஐம்பது படத்துக்கே 3 ஜிபி போய்விடும். நிரம்பி வழிந்தால் கணினியின் பொது நினைவகத்துக்குப் போய்வந்து ஆமையாக நகரும், இல்லையேல் நினைவகம் போதவில்லை என்று நின்றே விடும். காட்சி உள்ளே அடங்கும்வரை 4060-தான் வேகம். இவன் வரைவதோ முற்றத்து வேப்பமரத்தை இலை இலையாக!

(அட்டை வாங்கப் போகிறவர்களுக்கு: 3060-இலேயே 8 ஜிபி வகையும் உண்டு. பெட்டியைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.)

திரும்பும் வழியில் கேட்டேன், “ரெண்டரிங்குன்னா என்னடா, தமிழ்ல சொல்லு.” யோசித்துவிட்டுச் சொன்னான்: “முதல் வருஷம் காகிதத்துலயே பண்ணுவோம் மாமா. கோட்டுப்படம் போட்டுட்டு, வாட்டர்கலர்ல நிழல், வெளிச்சம் எல்லாம் ஏத்துறது.”

எனக்குப் பொறி தட்டியது அங்கேதான். நெடுநல்வாடையில், கணவன் போர்ப்பாசறையில் இருக்க, அணிகலன் களைந்து கிடக்கும் அரசியைப் ‘புனையா ஓவியம்’ போல இருந்தாள் என்கிறார் நக்கீரர். வண்ணம் ஏற்றாத வெறும் கோட்டோவியம். முப்பரிமாண உருவத்தின் வெறும் கோட்டுக்கூட்டை வயர்ஃபிரேம் என்று நாம் திண்டாடுவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் காட்டுங்கள். அது புனையா ஓவியம் என்றால், அதற்கு ஒளியும் நிறமும் ஏற்றுவது புனைதல்.

> புனைவு என்றாலே நாவல், சிறுகதை என்றல்லவா ஆகிவிட்டது?

‘புனைவு’ என்ற பெயர்ச்சொல் ஆகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். அதனால் அதைத் தொடவில்லை. மாலை புனைகிறோம், வேடம் புனைகிறோம்; ‘புனைபெயர்’ என்றதும் யாரும் நாவலை நினைப்பதில்லை. வினையாகவும் வினைத்தொகையாகவும் வைத்துக்கொண்டால் சிக்கல் வராது: புனைபொறி (ரெண்டர் எஞ்சின்), புனைநேரம் (ரெண்டர் டைம்). பத்து நொடி அசைபடத்தில் நொடிக்கு 24 வீதம் 240 சட்டகம் (ஃபிரேம்). “ஒரு சட்டகம் புனைய 4 நிமிடம், ஆகப் புனைநேரம் 16 மணி” என்று எழுதிப் பாருங்கள். எனக்கு உறுத்தவில்லை. பேச்சில் அவன் “ரெண்டர் போட்டுட்டுத் தூங்கிட்டேன்” என்றுதான் சொல்லப்போகிறான், சொல்லட்டும். நாம் எழுதுவது கையேட்டுக்கு.

எழுத்துரு விவாதத்தில் வரும் ரெண்டரிங்கை இதோடு சேர்க்க வேண்டாம். ‘கொ’ என்பதில் ஒற்றைக்கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைக்கிற வேலை அது. கோப்பதுதானே தவிர, புனைவதில்லை. ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றிலேயே முடிக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன?

வீராமுக்கு (VRAM, மேலே 12 ஜிபி, 8 ஜிபி என்று சொன்ன அட்டையின் நினைவகம்) ‘காட்சி நினைவகம்’ என்று முன்பு எழுதியவர் மன்னிக்கவும். ‘அட்டை நினைவகம்’ போதும். அட்டையில் இருக்கிறது, நினைவகம். கடைக்காரரிடம் சொன்னால்கூட எடுத்துத் தருவார்.

12 ஜிபி 3060-ஐயே வாங்கினோம். பையனுக்கு இன்னும் முகம் தெளியவில்லை.

பல கணினிகளைச் சேர்த்து ரெண்டரிங்குக்கென்றே ஓட்டும் ரெண்டர் ஃபார்முக்குத்தான் எனக்குச் சொல் பிடிபடவில்லை. ‘புனைபண்ணை’ என்றால் கோழி கூவுகிறது. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.