அட்டை நிறுவனம் தணிக்கை செய்யலாமா? ஜப்பானியத் தன்வெளியீடுகள் குறித்து ஒரு விவாதம்

ஏட்டுப்புழு: தனிநபர்களும் சிறு குழுக்களும் தாமே உருவாக்கும் விளையாட்டுகளையும் மாங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைகளையும், பெரும்பாலும் வயது வந்தோருக்கானவற்றை, விற்கும் ஜப்பானின் டிஎல்சைட் தளம், கடன் அட்டைத் தரப்பு கேட்டுக்கொண்டபடி சில வகைப்பெயர்களை மாற்றப்போவதாக 2024 மார்ச் இறுதியில் அறிவித்தது. அப்படி இறங்கி வந்தும், ஏப்ரல் 3 அன்று விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் மூன்றின் அட்டைகளும் அங்கே செல்லாமல் நின்றுபோயின. ஆபாசத்தைத் தண்டிக்க அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் 175ஆம் பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. இத்தகைய தன்வெளியீடுகளை விற்கும் டோக்கியோவின் காமிக்கெட் சந்தையில், விற்பனை தொடங்குமுன் அமைப்பாளர்கள் மாதிரிப் பிரதியைப் புரட்டிப் பார்ப்பார்கள். அந்தரங்க உறுப்புகளின் மறைப்பு போதவில்லை என்றால், படைப்பாளி மார்க்கர் பேனாவை எடுத்து மீதிப் பிரதிகளிலும் கறுப்புப் பூச வேண்டும். இவ்வளவுக்கும் கட்டுப்பட்டவர்களுக்கு மேலும் ஒரு தணிக்கை எதற்கு?

நடுத்தெரு: சட்டம் அனுமதிக்கும் பொருள் என்பதற்காக, அதன் விற்பனையில் பங்கெடுக்க ஒரு தனியார் நிறுவனம் கடமைப்பட்டதாகிவிடாது. ஆபாசக் காணொளித் தளம் ஒன்றின் பணப் பரிமாற்றத்துக்கு உதவியதாகத் தொடரப்பட்ட வழக்கிலிருந்து விசாவை முழுமையாக விடுவிக்க, 2022 ஜூலையில் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் மறுத்தது. சூடுபட்ட பூனை அடுப்பங்கரையை நாடாததில் வியப்பில்லை. டிஎல்சைட்டில் ஜேசிபி என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கடன் அட்டை இன்னும் செல்லுபடியானது. ஒரு கதவை மூடியதை ஊரடங்கு என்று சொல்லாதீர்கள்.

ஏட்டுப்புழு: அந்த வழக்கைத் தொடுத்தவர் காணொளியால் பாதிக்கப்பட்ட, உயிருள்ள மனிதர். வரைந்த கோட்டுக்கும் அதற்கும் முடிச்சுப் போடுவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போடுவதுதான். சட்டம் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். 'மிஷ்ஷிட்சு' என்ற மாங்காவுக்காக 2002இல் ஒரு பதிப்பாளர் கைதானார். கீழ் நீதிமன்றம் விதித்த, நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை மேல்முறையீட்டில் 15 லட்சம் யென் அபராதமாகக் குறைந்தது. 2007இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அவர் தோற்றார்தான், ஆனால் மூன்று மன்றங்களில் தம் பக்கத்தைச் சொல்லிவிட்டுத் தோற்றார். டிஎல்சைட் படைப்பாளிக்கு ஒரு மன்றமாவது கிடைத்ததா?

பழுப்புத்தாள்: இடையில் ஒன்று. பதிப்பில் இல்லாத பழைய மாங்காக்களைப் படிக்கத் தந்துவந்த 'மாங்கா நூலகம் இசட்', கட்டணச் சேவை நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டதால் 2024 நவம்பர் 26 அன்று மூடப்பட்டது. வேறெங்கும் கிடைக்காத, ஆபாசத்தோடு தொடர்பே இல்லாத நூல்களும் அதோடு போயின.

நடுத்தெரு: அந்த மூடலுக்காக நான் வாதாட மாட்டேன். இருந்தாலும் தீர்வு, விருப்பமில்லாத நிறுவனத்தை விற்பனைக்குள் இழுத்துவிடுவதன்று. விலகும்போது காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று விதிப்பது போதும்.

ஏட்டுப்புழு: யார் எழுதித் தருவார்கள்? 2024இல் ஜப்பானிய மேலவை உறுப்பினர் யமதா தாரோ விசாவின் தலைமையகத்துக்கே போய்க் கேட்டபோது, சட்டபூர்வமான படைப்புகளைத் தடுக்கும்படி தாங்கள் சொல்வதில்லை என்ற பதிலே கிடைத்தது. கடைக்காரர் பணம் வசூலித்துத் தரும் இடைத்தரகரைக் காட்டுகிறார், இடைத்தரகர் அட்டை நிறுவனத்தைக் காட்டுகிறார், அட்டை நிறுவனமோ கையை விரிக்கிறது. நீங்கள் கேட்கும் அந்தக் கடிதத்தில் யாருடைய கையெழுத்து இருக்கும்?